கலியமூர்த்தி வீட்டு ஆள்

நெட்டேரிப்பாக்கம்
12-3-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி அமிர்தவல்லி எழுதுறேன். நானும் வேம்புவும் நல்லா இருக்கோம். அண்ணிக்கு முட்டிவலி தேவலையா? ராஜாம்பா தையல் கத்துக்கப் போறாளா, இல்ல ரேடியோப் பொட்டிகிட்டயே ஒக்காந்திருக்காளா?

போன ஞாயித்துக்கெழம நீ இங்க வந்த, ஏரிக் கூட்டத்துல பேசுன, என் கையால ஒரு சொம்பு கூழு குடிச்ச, அஞ்சு மணி பஸ்ஸுக்கு ஓடிட்ட. உன்ன ஒண்ணு கேக்கணும்னு தெருமுனை வரைக்கும் பின்னாடியே வந்தேன். மொகத்தப் பாத்தா வாய் வரல. அதான் கடுதாசி. இதப் படிச்சிட்டு நீ மொறைச்சாலும் இங்க எனக்குத் தெரியாது பாரு.

நீ பேசுனது நல்லாத்தான் இருந்துச்சி. மதகுக்குத் தண்ணி வந்து பத்து வருசமாச்சி, ஏரி தூந்து போச்சி, வரத்து வாய்க்கால் முழுக்க வேலிகாத்தான் முள்ளுக் காடு, கவர்மெண்டு வந்து வெட்டும்னு ஒக்காந்திருந்தா நம்ம புள்ளைங்க கழனின்னா இன்னான்னு கேக்கும்னு சொன்ன. எல்லாரும் கை தட்டுனாங்க. நானும்தான் தட்டுனேன். அப்புறம் சங்கத் தலைவரு கோவிந்தராசு எழுந்து, ஏரிக்குள்ள எவனெவன் உழுதுக்கிட்டிருக்கானோ அத்தன பேரும் காலி பண்ணணும்னாரு. நீ தலையாட்டுன.

ஏண்ணா, அந்த எவனெவன்ல நானும் ஒருத்தின்னு உனக்கு ஞாபகம் வரலையா? அவரு பாம்பு கடிச்சிப் போனப்புறம் மாமியா வூட்டுல இருக்க முடியாம கைப்புள்ள வேம்புவோட வந்து உன் முன்னாடி நின்னேன். அப்பா நெலத்துல தங்கச்சிக்கு இன்னா குடுக்கப் போறேன்னு ஊரு கேட்டுச்சி. நீ என்னக் கூட்டிக்கிட்டுப் போயி, காஞ்சி கெடந்த ஏரிக்குள்ள அரைக்காணிய காலால அளந்து காட்டுன. "இத வெச்சிப் பொழச்சிக்க, யாரு வந்து கேக்கப் போறாங்க"ன்ன. ஏழு வருசமாச்சி. கேழ்வரகும் மல்லாட்டைக் கடலையும் போட்டு அதுலதான் ரெண்டு பேரும் வயித்தக் கழுவுறோம். இப்பகூட ஊத்துக்குழி தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தி மல்லாட்டை பூ எடுத்து நிக்குது.

ஏரி வேணாம்னு நான் சொல்லல. ஏரி இல்லைன்னா ஊரே இல்ல, அது எனக்கும் தெரியும். ஏரி ரொம்பினா நான் எங்க போறது? அத மட்டும் எழுது.

உன் தங்கச்சி
அமிர்தவல்லி


முதலியார்பேட்டை, புதுச்சேரி
21-3-1977

என் பிரியமான தங்கச்சிக்கு,

ஷிப்ட் முடிஞ்சி வந்து உன் கடுதாசியப் படிச்சேன். நீ சின்னதுலேர்ந்தே இப்படித்தான், சிரிச்சிக்கிட்டே நல்லா குத்துவ.

உன்ன மறக்கல. மனசுல ஒரு கணக்கு போட்டுத்தான் தலையாட்டுனேன். ஏரி உள்வாய் என்னிக்கிருந்தாலும் சர்க்கார் எடம். கொம்யூன் ஆபீசுலேர்ந்து ஒரு நோட்டீஸ் ஒட்டுனா முடிஞ்சிது. மதகடியில அப்பாவோட ஒரு காணி கரம்பாக் கெடக்குது இல்ல? அதுல பாதி உனக்கு. ஏரி ரொம்புற அன்னையிலேர்ந்து அது உன்னுது. அண்ணன் தங்கச்சிக்குள்ள பத்திரம் எதுக்கு? வாயால சொல்லிட்டேன், அவ்வளவுதான்.

அதுக்கு நீ எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். மதகுத் தண்ணி பாயற நெலக்காரங்க வீட்டுக்கு ஒரு ஆள், நாப்பது நாளு மண்ணு வெட்டணும்னு தீர்மானம். ஆள் வராத வீட்டுக்குத் தண்ணி முறை கெடையாது. மில்லுல ஆள் கொறைக்கிற பேச்சு ஓடுது. இப்பப் போயி லீவு கேட்டா எனக்குத்தான் மொத சீட்டு கிழியும். நம்ம வீட்டு ஆளா நீ போயி நில்லு. ஞாயித்துக்கெழம நான் வந்துடறேன். மல்லாட்டை எடுத்தப்புறம் அந்தப் பக்கம் வெட்டச் சொல்லி கோவிந்தராசுகிட்ட நான் பேசிக்கிறேன், நீ கவலப்படாத.

வேம்புவுக்கு முத்தம். அண்ணி உன்னக் கேட்டதாச் சொல்லச் சொன்னா.

உன் அண்ணன்
கலியமூர்த்தி


நெட்டேரிப்பாக்கம்
9-5-1977

அன்புள்ள அண்ணனுக்கு,

கையெல்லாம் கொப்புளம், எழுத்து கோணலா வருது. படிக்கத் தெரியலைன்னா ராஜாம்பாகிட்ட குடு.

இன்னியோட இருவத்தாறு நாளு முடிஞ்சிது. நீ ரெண்டு ஞாயித்துக்கெழமதான் வந்த, மத்த நாளு நடந்ததெல்லாம் உனக்கு எங்க தெரியப் போவுது! வரத்து வாய்க்காலு பாதி நம்ம பாண்டியில, பாதி தமிழ்நாட்டுல இல்ல? அந்தாண்ட ஊர்க்காரங்க, "உங்க ஏரிக்கு நாங்க ஏன்யா குனியணும்"னு நின்னுட்டாங்க. மதகு தொறக்குற கண்ணையன் வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டுப் போயி, "உங்க கெணத்துக்கு ஊத்து எங்கேர்ந்து வருதுன்னு நெனைச்ச? உங்க மாமனாரா அனுப்புறாரு?"ன்னாரு. மறுநாளு அறுவது பேரு மம்மட்டியோட வந்து நிக்கிறாங்க. அவங்க பொம்பளைங்க கேவுரு அடை சுட்டு எடுத்தாந்தாங்க, நம்ம பொம்பளைங்க மோரு கலக்கிக் குடுத்தாங்க. ஒரே திருவிழாதான் போ.

ஆம்பளைங்க வெட்டறாங்க, பொம்பளைங்க கூடை சொமக்கிறாங்க. நான் வீட்டு ஆளா வந்திருக்கேன், மம்மட்டிதான் புடிப்பேன்னுட்டேன். கண்ணையன் சிரிச்சாரு. பத்து நாளைக்கப்புறம் சிரிக்கல.

மொத நாளு கோவிந்தராசு நோட்ட எடுத்து வெச்சிக்கிட்டு, "யம்மா, உன் பேரு போடவா, வீட்டுப் பேரு போடவா?"ன்னாரு. இதென்னா கேள்வி, வீட்டுப் பேரே போடுங்கன்னேன். தெனம் சாயங்காலம் "கலியமூர்த்தி வீடு"ன்னு கூப்புடுவாரு, நான் "வந்தேன்"னு கையத் தூக்குவேன். அது எனக்கு எவ்வளோ பெருமையா இருக்குது தெரியுமா? புருசன் போனவளுக்கும் ஒரு வீடு இருக்குதுன்னு ஊரு முன்னாடி தெனம் ஒருவாட்டி சொல்றாங்க இல்ல.

நீ மல்லாட்டையப் பத்திப் பேசுனியோ இல்லையோ, தெரியல. முந்தாநாளு சுண்ணாம்புக் கோடு போட்டாங்க. கரைக்கு மண்ணு அங்கேர்ந்துதான் எடுக்கணுமாம். காய் இப்பத்தான் பால் புடிக்குது, இருவது நாளு குடுங்கன்னு கோவிந்தராசுகிட்ட கேட்டேன். "மத்தவங்க கம்பங்கொல்லைய விட்டுட்டாங்க, உனக்கு மட்டும் எப்படிம்மா?"ன்னாரு. ஞாயந்தானே. அடுத்தவங்க மம்மட்டி அதுல விழ வேணாம்னு நானே மொத வெட்டு வெட்டுனேன். வேம்பு பிஞ்சுக் காயா பொறுக்கி மடியில கட்டிக்கிட்டு ஓன்னு அழுதா. "அழுவாதடி, மாமா மதகடியில நெலம் குடுத்திருக்காரு"ன்னு சொல்லி வெச்சிருக்கேன். பால் காயி அவிச்சாலும் ருசி இல்ல. மாட்டுக்குப் போட்டுட்டோம்.

உன் தங்கச்சி
அமிர்தவல்லி


முதலியார்பேட்டை
30-5-1977

பிரியமான தங்கச்சிக்கு,

கோவிந்தராசுகிட்ட பேச மறந்துட்டேன். உண்மையச் சொல்லிடறேன், மறந்துதான் போச்சி. என் மேல கோவம் வெச்சிக்காத.

மில்லுல எல்லார்கிட்டயும், என் தங்கச்சி ஆம்பளைங்களுக்குச் சமமா ஏரி வெட்டறான்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். மழை மட்டும் பேஞ்சிடட்டும், உன் கஷ்டம் தீந்துது. ராஜாம்பாளுக்கு ரெண்டு மூணு எடத்துலேர்ந்து கேக்கறாங்க. ஒண்ணும் அமையல.

அண்ணன்
கலியமூர்த்தி


நெட்டேரிப்பாக்கம்
5-12-1977

அண்ணா, ஏரி ரொம்பிடுச்சி!

முந்தாநேத்து விடியக்காலம் கண்ணையன் தெருத்தெருவா கத்திக்கிட்டு ஓடியாறாரு, கலிங்கு வழியுது, கலிங்கு வழியுதுன்னு. போட்டது போட்டபடி ஊரே ஓடுச்சி. அந்தாண்ட ஊர்க்காரங்களும் வந்துட்டாங்க. பல்லு போனவங்கல்லாம் தண்ணியில எறங்கிக் குதிக்கிறாங்க. கோவிந்தராசு எவ்வளோ விறைப்பான மனுசன், கண்ணத் தொடச்சிக்கிட்டு நிக்கிறாரு. நான் தொண்ட கட்டுற வரைக்கும் குலவை போட்டேன்.

அப்புறம் கரைமேல ஏறி, என் அரைக்காணி எந்த எடத்துல இருந்துச்சின்னு பாத்தேன். ரெண்டாள் ஒசரம் தண்ணி. கொஞ்சம் அழுதேன், பொய் சொல்லுவானேன். வேம்பு, "நம்ம கொல்லையில மீனு வந்திருக்கும்மா"ன்னா. அழுகையோடவே சிரிச்சிட்டேன்.

கண்ணையன் வெதநெல்லு தர்றேன்னுட்டாரு. வர்ற திங்கக்கெழம மதகடியில ஒரு மூலையில நாத்து விடப் போறேன். ஒரு காணிக்கும் சேத்தே விடறேன், உன் பாதிக்கும் நானே நட்டுக் குடுத்துடறேன். தை பொறந்ததும் நடணும். என் பாதி வரப்புக்கு எந்தப் பக்கம்னு நீ வந்து காட்டிட்டுப் போ. எந்தப் பக்கமா இருந்தாலும் சரிதான். சீக்கிரம் வா.

உன் தங்கச்சி
அமிர்தவல்லி


முதலியார்பேட்டை
29-12-1977

அன்புள்ள தங்கச்சி அமிர்தவல்லிக்கு,

பதில் போட நாளாயிடுச்சி. நாலுவாட்டி எழுதிக் கிழிச்சிட்டேன்.

ராஜாம்பாளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சி. ஜனவரி 22, ஞாயித்துக்கெழம. மாப்பிள்ளை பேரு தேவதாஸ், நம்ம ஊருக்கு அடுத்த ஊருதான். வீட்டுல மூணாவது புள்ள, பங்கு ஒண்ணும் பெருசா தேறாது. இதுக்கு முன்னாடி வந்தவங்கல்லாம், கரம்பு நெலத்தக் காட்டுறீங்களேன்னு சிரிச்சிட்டுப் போனாங்க. இவங்க ஏரி ரொம்பின சேதி கேட்டுத்தான் தேடி வந்தாங்க. மதகடி ஒரு காணியும் முழுசா பொண்ணு பேருக்கு எழுதணும்னாங்க.

பாதி தங்கச்சிக்குன்னு நான் வாயெடுத்தேன். சத்தியமா எடுத்தேன். அப்படின்னா வேணாம்னு எழுந்துட்டாங்க. உன் அண்ணி செல்வாம்பா உள்ள வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவறா. உன்கிட்ட சொல்லாம இருந்தேன், மில்லுல எனக்குச் சீட்டு குடுத்து ஒரு மாசமாவுது. நகை போட வக்கில்ல. பொண்ணுக்கு இருவத்திமூணு வயசு. நான் இன்னா பண்ணுவேன் சொல்லு. போன வாரம் எழுதிக் குடுத்துட்டேன்.

மாப்பிள்ளை அங்கயே குடித்தனம் வந்துடுவாரு. நீ விட்ட நாத்த அவரே எடுத்துக்கட்டும், வீணாவக் கூடாது. உனக்கு எங்கயாச்சும் குத்தகைக்குப் பாக்கலாம். பெரிய மார்க்கெட்டுல உனக்கு ஒரு பொடவை எடுத்து பஸ் கண்டக்டர்கிட்ட குடுத்தனுப்பியிருக்கேன். அத்தைக்காரி நீ இல்லாம கல்யாணம் கெடையாது. நாலு நாளு முன்னாடியே வந்துடு.

கலியமூர்த்தி


நெட்டேரிப்பாக்கம்
3-1-1978

அண்ணனுக்கு,

பொடவை வந்துது. கடுதாசியும் வந்துது.

ராஜாம்பா நல்லா இருக்கட்டும். அவ எனக்கும் பொண்ணுதான். நெலம் அவளுக்கே இருக்கட்டும். ஒரே ஒரு போகம் மட்டும் எனக்கு அரைக்காணிய விடச் சொல்லு. நாத்து மொளைச்சிப் பச்சையா நிக்குது. அந்த ஒரு அறுப்பு கைக்கு வந்தா நானும் வேம்புவும் அடுத்த மழை வரைக்கும் தாக்குப் புடிப்போம். அதுக்குள்ள ஏதாவது குத்தகை பாத்துக்கறேன். இப்ப எனக்கு ஏரிக்குள்ளயும் எடமில்ல, ஏரிக்கு வெளியவும் எடமில்ல.

குத்தகைன்னு சுலபமா எழுதிட்ட. தண்ணி வந்ததும் அவனவன் கரம்ப அவனவனே உழுவுறான். ஒரு குழி நெலம்கூட கெடைக்கல, கேட்டுப் பாத்துட்டேன்.

மாப்பிள்ளைகிட்ட நீ ஒரு வார்த்த பேசுனா போதும். மறந்துடாத. பதில் உடனே போடு.

தங்கச்சி
அமிர்தவல்லி


நெட்டேரிப்பாக்கம்
28-1-1978

அண்ணனுக்கு,

பதில் வரும் வரும்னு கல்யாணம் வரைக்கும் பாத்தேன். கல்யாணத்துல நேர்லயாவது சொல்லுவன்னு பாத்தேன். நாலு நாளும் உங்க வீட்டுல காய் நறுக்கினேன், பந்தியில பரிமாறினேன், ராஜாம்பாளுக்குத் தல பின்னி விட்டேன். நீ என் கண்ணையே பாக்கல. கூட்டத்துல உன்ன நிறுத்திக் கேட்டுடலாம்தான். சம்பந்திங்க முன்னாடி உன் மானம் போயிடுமேன்னு விட்டுட்டேன்.

நேத்து ஏரிக்கரை அய்யனாருக்குப் படையல் போட்டாங்க. மதகு தொறந்தாங்க. நாப்பது நாளு வெட்டுன வீட்டுக்கெல்லாம் ஒரு துண்டு போத்தி, தண்ணி முறைய வாசிச்சாரு கோவிந்தராசு. "கலியமூர்த்தி வீடு"ன்னாரு. பழக்கதோஷம், நான் "வந்தேன்"னு கையத் தூக்கிட்டேன். அதுக்குள்ள உன் மாப்பிள்ளை முன்னாடி போயிட்டாரு. எல்லாரும் திரும்பி என்னப் பாத்தாங்க. எவனோ களுக்குன்னு சிரிச்சான். தூக்குன கைய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாம தலை முடிய ஒதுக்கிக்கிட்டேன்.

கண்ணையன்தான் கத்துனாரு, "யோவ், வெட்டுனது அந்தப் பொண்ணுய்யா, துண்ட யாருக்கு போத்துற?"ன்னு. சும்மா இருண்ணேன்னு நான்தான் அடக்குனேன். அப்புறம் சாயங்காலம் கோவிந்தராசு கூப்புட்டு, நோட்டப் பொரட்டிக் காட்டுனாரு. நாப்பது நாளும் உன் வீட்டுப் பேருதான் இருக்குது. "நோட்ட முடிச்சப்புறம் நெலம் இல்லாதவங்க பேர இதுல ஏத்த முடியாதும்மா, ரூலு அப்படி"ன்னாரு. அவரு மேல தப்பில்ல. கேட்டப்ப வீட்டுப் பேரப் போடச் சொன்னவ நான்தான். அந்த வீட்டுல நானும் ஒருத்தின்னு நெனச்சேன்.

நீ கெட்டவன் இல்ல. வேலை போயி, வயசுப் பொண்ண வெச்சிக்கிட்டுத் தவிச்ச. அதெல்லாம் எனக்குப் புரியுது. ஒரு போகம் கேட்டேனே, அதுக்கு "முடியாது"ன்னு ஒரு வரி எழுதியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். இனிமே எழுத வேணாம். நானும் எழுதல. அடுத்த பொங்கலுக்குத் தங்கச்சி சீருன்னு ஒண்ணும் குடுத்தனுப்பாத, வாங்கி வைக்க மாட்டேன்.

நாளைக்கு மதகடியில நடவு. கூலிக்குப் பன்னெண்டு பொம்பளைங்க வேணும்னு உன் மாப்பிள்ளை ஆள் விட்டிருந்தாரு. நானும் வர்றேன்னு சொல்லிட்டேன். வேற வேலை இல்ல. ராஜாம்பாகிட்ட சொல்லி வை, கழனியில என்ன அத்தைன்னு கூப்புட வேணாம், கூட வேலை செய்யறவங்களுக்குச் சங்கடமா இருக்கும்.

நாத்து ரொம்ப முத்திப் போச்சி. குத்துக்கு நாலஞ்சா வெச்சி நட்டாத்தான் தேறும். அத மாப்பிள்ளைகிட்ட நீயே சொல்லிடு. கூலிக்கு வர்றவ சொன்னா எடுபடாது.

அமிர்தவல்லி