தெரிந்தே விற்ற வண்டி

ஏனுங்க,

இன்று காலை சின்னவனுடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. போன வருஷம் அவன் ஒரு கார் வாங்கினான், அந்தக் கம்பெனி அனுப்பியது. பிரேக்கில் ஏதோ ஒரு பாகம் சரியில்லை என்று தெரியவந்திருக்கிறதாம். வண்டியைக் கொண்டுவந்து விட்டால் காசு வாங்காமல் மாற்றித் தருவார்களாம். வர முடியாவிட்டால் ஆள் அனுப்பி வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு போவார்களாம். சிரமத்துக்கு வருந்துகிறார்களாம். சின்னவன் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, "பரவால்லம்மா, பொறுப்பாத்தான் இருக்காங்க" என்றான்.

அடுப்பில் பால் வைத்திருந்தேன். அது பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்து, கேஸ் நாற்றம் வந்து அவன் ஓடிவந்து திருகை மூடும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றிருந்தேன். என்ன ஆச்சு என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். நீங்கள் ஜெயிலுக்குப் போனபோது அவன் நடக்கக்கூட ஆரம்பிக்கவில்லை. அப்பா ஒரு காலத்தில் வண்டி ஓட்டினார், ஒரு விபத்து நடந்தது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். நீங்கள் அப்படித்தான் வளர்த்தீர்கள். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எண்பதுகளில், கொட்டச்சேட்டுப் பக்கம் இருந்த அந்தப் பெரிய எஸ்டேட் தன்னுடைய பிக்கப் வண்டிகளில் மூன்றை விற்கப்போகிறது என்று ஏற்காடு கடைவீதியில் பேச்சு வந்தது. நீங்கள் அப்போது மளிகைக்கடைக்காரர் ஒருவரின் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தீர்கள். செய்தி கேட்ட அன்று, சொந்த வண்டி என்கிற ஆசையில் உங்களுக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கி அதிக நாள் ஆகாத வண்டியை ஏன் விற்கிறார்கள் என்று நான்தான் கேட்டேன். அதையே நீங்கள் போய் எஸ்டேட் மேனேஜரிடம் கேட்டீர்கள். உங்களை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்துக் கொடுத்து, "முதலாளி எல்லாத்தையும் லாரிக்கு மாத்தறாருங்க. வண்டி கல்லாட்டம் இருக்குது, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்று அந்த மனிதர் சொன்னார். அந்த டீயைப் பற்றி நீங்கள் எவ்வளவு பெருமையாகச் சொன்னீர்கள்! எஸ்டேட் மேனேஜர் ஒரு டிரைவருக்கு நாற்காலி போட்டார் என்று. எனக்கு இப்போதும் அந்த டீயை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

மூன்றில் ஒன்றை நீங்கள் வாங்கினீர்கள். கல்லாட்டம் இருந்த வண்டி முதல் மழைக்கே தன் குணத்தைக் காட்டியது. ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்தது. இரண்டாவது கியர் தானாக வழுக்கி வெளியே வந்தது. அதையெல்லாம் அடுத்தவர் ஓட்டின வண்டி என்றால் அப்படித்தான் என்று நீங்கள் சிரித்துக்கொண்டே சரிசெய்தீர்கள். பிரேக்குக்கு மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. சுமை ஏற்றிக்கொண்டு கீழே இறங்கும்போது பெடல் சில நாள் பஞ்சு மாதிரி அமுங்குகிறது என்றீர்கள். பிரேக் ஆயில் குறைந்துகொண்டே போனது, எங்கே ஒழுகுகிறது என்று தெரியவில்லை. நம்ம ஊர் மெக்கானிக்கை நம்பாமல் சேலத்தில் வண்டிக் கம்பெனியின் சொந்தப் பட்டறைக்கே கொண்டுபோனீர்கள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் ஆயிலை நிரப்பி, வாஷரை மாற்றி, கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். கடைசித் தடவை அங்கிருந்த இன்சார்ஜ், மலையில் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பிரேக்கைத் தேய்த்துவிட்டு வந்து வண்டியைக் குறை சொல்வார்கள் என்று நாலு பேர் முன்னால் சொல்லி அனுப்பினார். நீங்கள் அதை என்னிடம் சொன்னபோது தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னீர்கள். உங்கள் கைமேலேயே உங்களுக்குச் சந்தேகம் வரும்படி செய்துவிட்டார்கள்.

விபத்து நடந்த அன்று நானும் சேலத்துக்குக் கூட வந்தேன். ஈஸ்டருக்குத் துணி எடுக்க வேண்டியிருந்தது. பின்னால் காப்பி மூட்டைகள். மூட்டைமேல் வெள்ளையன். நம் வண்டிக்கு லோடு ஏற்றி இறக்க வந்துகொண்டிருந்த தலைச்சோலை ஊர்க்காரர், உங்கள் வயதுதான் இருக்கும். கீழே பாதி தூரம் இறங்கியிருப்போம். ஒரு வளைவை முடித்து அடுத்ததற்குத் திரும்பும்போது உங்கள் கால் தரைத் தகரத்தில் இடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பத் திரும்ப. நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன்.

"பிரேக்கு இல்ல. கெட்டியாப் புடிச்சுக்க" என்றீர்கள். குரல்கூட உயரவில்லை.

கீழேயிருந்து பஸ் ஒன்று ஏறி வந்துகொண்டிருந்தது. சன்னல்களில் தலைகள் தெரிந்தன. நீங்கள் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, ஸ்டீரிங்கை ஒடித்து வண்டியை மலைச்சரிவோடு உரசவிட்டீர்கள். என் பக்கத்துக் கதவு பாறையில் தேய்ந்து கிழிந்தது. பிறகு வண்டி சாய்ந்தது. பஸ் நின்றுவிட்டது. பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தோள் எலும்பு முறிந்தது. வெள்ளையன் மூட்டைகளோடு தூக்கி எறியப்பட்டிருந்தார். நீங்கள் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே நான் மயங்கிப்போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே அவர் போய்விட்டார் என்று எனக்கு மறுநாள்தான் சொன்னார்கள்.

அதிக வேகம், அதிக பாரம் என்று போலீஸில் எழுதினார்கள். முன்சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகிற ரப்பர் ஹோஸ் அறுந்திருப்பதை நீங்கள் காட்டினீர்கள். அது மோதியதில் அறுந்தது என்றார் வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி. நான் கட்டுப்போட்ட தோளோடு ஸ்டேஷனுக்குப் போய், மோதுவதற்கு முன்னாலேயே பிரேக் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான், என் காதால் கேட்டேன் என்று சொன்னேன். "நீ அவன் பொண்டாட்டிம்மா. வேற எப்பிடிச் சொல்லுவ?" என்றார் அங்கே உட்கார்ந்திருந்த போலீஸ்காரர். அவர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

சரி, அவர்கள் அப்படித்தான். நீங்கள் ஏன் கோர்ட்டில் ஒத்துக்கொண்டீர்கள்? ஒத்துக்கொண்டால் தண்டனை குறையும் என்று வக்கீல் சொன்னார் என்றீர்கள். இத்தனை வருஷமாகியும் இதற்கு மட்டும் உங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. மூன்று தடவை பட்டறைக்குப் போனேன் என்று ஒரு வார்த்தை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். கையைக் கட்டிக்கொண்டு நின்று "ஆமாங்க ஐயா" என்றீர்கள். சேலம் ஜெயிலில் கம்பிக்கு அந்தப் பக்கம் உங்களைப் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, அந்த "ஆமாங்க ஐயா"தான் காதில் விழுந்தது.

உண்மை நமக்குத் தெரியவந்தது நீங்கள் வெளியே வந்த பிறகு. நொறுங்கிக் கிடந்த வண்டியை விற்பதற்காகச் சேலத்தில் முருகேசன் என்பவரின் பட்டறைக்குப் போனோம். அவர் முன்பு அந்தக் கம்பெனிப் பட்டறையில் வேலை பார்த்தவர். உங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். வெகுநேரம் வேறு எதையெதையோ பேசிவிட்டுக் கடைசியில் சொன்னார்.

"அண்ணா, அந்த வருசத்து வண்டிங்க எல்லாத்துக்கும் இதே கோளாறுதானுங்க. சக்கரம் முழுசாத் திரும்பறப்ப ஹோஸு இரும்புல ஒரசும். மாத்திக் குடுக்கச் சொல்லி மேலயிருந்து சொல்லிட்டாங்க. ஆனா கை மாறுன வண்டிக்குக் கம்பெனி காசு தராது, ஆயில ஊத்தி அனுப்புன்னாரு எங்க இன்சார்ஜ். நாந்தானுங்க ஊத்துனேன்."

எஸ்டேட்டுக்குக் கம்பெனி ஆளே நேரில் போய்ச் சொன்னாராம். மேனேஜர் தனக்கு வேண்டிய வண்டிகளை மட்டும் அனுப்பி மாற்றிக்கொண்டார். மற்ற மூன்றையும் காப்பி பறிக்கிற சமயத்தில் நிறுத்த மனசில்லாமல் ஓட்டிவிட்டு, பிறகு விற்றுவிட்டார். நாற்காலி போட்டு, டீ கொடுத்து.

மறுநாளே கொட்டச்சேட்டுக்குப் போனோம். அந்தத் தடவை நாற்காலி இல்லை, வராந்தாப் படியில் நின்றோம். நீங்கள் மெதுவாகத்தான் கேட்டீர்கள், தெரிஞ்சே குடுத்தீங்களாங்க என்று. மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஓட்டிப் பாத்துத்தானே வாங்குனீங்க? உங்க பேருக்கு மாறுன வண்டிக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றார். இல்லை என்று அவர் சொல்லவில்லை. கவனித்தீர்களா? இல்லை என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. வெள்ளையனை மூட்டைக்குச் சமமாகக்கூட நினைக்காத அந்த முகத்தில் காறித் துப்பியிருப்பேன். நீங்கள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டீர்கள்.

கேஸ் போடலாம் என்று நான் வழியெல்லாம் கத்தினேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பேசினீர்கள்.

"கேசுல ஜெயிச்சா எம் பேரு சுத்தமாகும். அதுக்கு எத்தன வருசமாகுமோ. இன்னும் ரெண்டு வண்டி இந்த மலையில ஓடிட்டிருக்குது."

ஒன்று தலைச்சோலையில் இருந்தது. அங்கே வெள்ளையன் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும், போனீர்கள். வண்டிக்காரர் நல்ல மனிதர், சொன்னதும் தன் செலவிலேயே ஹோஸை மாற்றிக்கொண்டார். இன்னொன்றை வாங்கியிருந்த வாழவந்தி ஊர்க்காரர் அப்படி இல்லை. ஆளைக் கொன்றுவிட்டு வண்டிமேல் பழி போட வந்துவிட்டான் என்று ஊர் நடுவில் வைத்துத் திட்டினார். இரண்டாவது தடவை போனபோது பிடித்துத் தள்ளினார். நீங்கள் மறுபடியும் போனீர்கள். அன்று அந்த வண்டியில் ஒரு கல்யாணக் கூட்டம், பெண்டு பிள்ளைகளோடு, ஏறி உட்கார்ந்திருந்தது. நீங்கள் முன்சக்கரத்துக்கு முன்னால் போய் மண்ணில் படுத்துவிட்டீர்கள் என்று அங்கிருந்த என் சித்தி மகள் வந்து சொன்னாள். அடிக்க வந்தவர்களிடம், அடிங்க, ஆனா அதுக்கு முன்ன ஒருத்தரு குனிஞ்சு பாருங்க என்றீர்களாம். கூட்டத்திலிருந்த ஒருவர் குனிந்து பார்த்தார். ஹோஸின் ரப்பர் தேய்ந்து உள்ளே நூல் தெரிந்தது. அந்தக் கூட்டம் ஒவ்வொருவராக வண்டியை விட்டு இறங்கியது. நீங்கள் சட்டையைத் தட்டிக்கொண்டு பஸ் ஏறி வந்தீர்கள்.

கம்பெனிக்காரன் செய்யவேண்டிய வேலை அது. எஸ்டேட்டுக்காரன் செய்யவேண்டிய வேலை. ஜெயிலுக்குப் போய்வந்த என் புருஷன் மண்ணில் படுத்துச் செய்தார்.

அதன் பிறகும் உங்களை யாரும் வண்டி ஓட்டக் கூப்பிடவில்லை. பஸ் ஸ்டாண்டில் அந்த மாதிரிப் பிக்கப் எது வந்து நின்றாலும் போய்க் குனிந்து பார்ப்பீர்கள். டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சில நாள் வெட்கப்பட்டேன், கோபப்பட்டேன். உங்களுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை.

வெள்ளையன் மனைவி சின்னப்பொண்ணிடம் நான் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொன்னது உங்களுக்குத் தெரியாது. உங்களைப் பார்க்கும் போதெல்லாம் அவள் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தாள், எனக்குப் பொறுக்கவில்லை. ஹோஸ், கம்பெனி, மேனேஜர் என்று நான் சொல்லி முடிக்கும்வரை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள்.

"உம் புருசன்னா ரோட்டுல வருவாரு, திட்டலாம். கம்பெனிய நான் எங்க போயித் திட்டறது?"

ஆனால் அதற்குப் பிறகு அவள் உங்களைத் திட்டவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் உங்களுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள் என்று நீங்கள் வந்து ஆச்சரியமாகச் சொன்னீர்கள். நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி இருந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் நீங்கள் நெஞ்சுவலியில் போனீர்கள். கல்லறைத் தோட்டத்தில் நின்ற உங்கள் சொந்தத் தம்பி, வருத்தத்தில்தான், "அந்தத் தப்ப நெனச்சு நெனச்சே அண்ணன் போயிட்டாரு" என்றார். எந்தத் தப்பு என்று நான் அங்கேயே கேட்டேன். துக்க நேரத்தில் சண்டை போடுகிறாள் என்றார்கள். போடத்தான் செய்தேன். அந்த மேனேஜர் பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, நல்ல பேரோடு செத்தார். அந்த இன்சார்ஜ் என்ன ஆனார் என்றே தெரியாது. ஆமாங்க ஐயா என்று சொன்னவர் ஒருவர்தான், அவர் பேரில்தான் தப்பு எழுதப்பட்டிருக்கிறது.

காலம் எல்லாவற்றையும் ஆற்றும் என்று சர்ச்சில் சாமியார் பூசையில் சொல்கிறார். எனக்கு ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஜெபம் செய்வதும் இல்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு பழக்கம்தான். விபத்து என்று எங்கே கேட்டாலும் டிரைவர் குடித்திருந்தானா என்று நான் கேட்பதில்லை. என்ன வண்டி, யாரிடம் வாங்கியது, முன்னால் என்ன கோளாறு சொன்னான், யாரிடம் சொன்னான் என்று கேட்கிறேன்.

போன மாசம் மலை ரோட்டில் ஒரு சுற்றுலா வேன் கவிழ்ந்தது. டிரைவர் நாகலூர்ப் பக்கத்துப் பையன். தூங்கிவிட்டான் என்று கடைவீதியில் அதற்குள் முடிவு செய்துவிட்டார்கள். நான் பஸ் பிடித்துச் சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். வராந்தாவில் அவன் மனைவி கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள், போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வேற ஆள வெச்சுப் பாக்கற வரைக்கும் வண்டியத் தொடவிடாத கண்ணு. பட்டறையில என்ன சொல்லியனுப்புனாங்கன்னு அவனக் கேட்டு ஞாபகம் வெச்சுக்க. எதுக்கும் ஆமாங்கன்னு சொல்லவிடாத" என்றேன். அவள் மிரண்டுபோய், "நீங்க யாருங்க?" என்று கேட்டாள்.

இன்னாருடைய பெண்சாதி என்று உங்கள் பெயரைச் சொன்னேன். அந்தப் போலீஸ்காரருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.