அம்மா கோபத்தில் கட் பண்ணவில்லை

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா ஆசையோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம், இடது காலைத் தவிர உன் அம்மாவும் சுகம், அவள் வாய் ரொம்பவே சுகம். போன் இருக்கும்போது இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதம் என்று நீ சிரிப்பாய், சிரி, ஆனால் இதை நான் வீட்டில் உட்கார்ந்துகூட எழுதவில்லை. பெயின்ட் கடையில் டின்களுக்கு நடுவே ஸ்டூலைப் போட்டு, முதலாளியிடம் பேனா வாங்கி எழுதுகிறேன். நீ அனுப்பிய ரவுட்டரை மாட்டியதிலிருந்து போன் அம்மாவின் தலையணைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறது. எனக்கென்று நீ அனுப்பும் செய்தியைக்கூட அவள்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். அம்மாவுக்கு இன்னும் கோபமா என்று போன வாரம் கேட்டிருந்தாயே, அதையும் அவளே வாசித்தாள். வாசித்துவிட்டு, கோபம்னே நெனச்சுக்கட்டும், நீங்க வாயைத் தெறக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. அதனால் முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன் மகளே, உன் கல்யாணத்தன்று அம்மா கோபத்தில் போனைக் கட் பண்ணவில்லை. என்ன நடந்தது என்று கேள்.

நீ கல்யாணச் செய்தி சொன்ன அன்று அவள் சரி என்று ஒரே வார்த்தை சொல்லிப் போனை என்னிடம் கொடுத்ததை நீ மனதில் வைத்திருக்கிறாய், எனக்குத் தெரியும். அதற்கு அடுத்த நாள் நான் வேலைக்குப் போன சமயம் பார்த்து, என் ஏணியைத் தூக்கிவந்து போட்டு, பரணில் இருந்த பெரிய பெட்டியை இறக்கப் பார்த்திருக்கிறாள், உன் கல்யாணத்துக்கு வர. டிக்கெட்டை முதல் நாளே என்னை எடுக்க வைத்துவிட்டாள். பெட்டி வந்தது, கூடவே அவளும் வந்தாள். பாத்ரூமில் வழுக்கியதாக உன்னிடம் சொல்லச் சொன்னதும் அவள்தான். ஏணி ஏறத் தெரியாமல் விழுந்தாள் என்று பெயின்டர் பெண்டாட்டியைப் பற்றி நாலு பேர் சொல்லக் கூடாதாம். கட்டுப் போட்டு ஆறு வாரம் எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் கால் வலிக்கு அழவில்லை, டிக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கணுமே என்றுதான் அழுதாள்.

அப்போதுதான் நீ ரவுட்டர் அனுப்பினாய். கம்ப்யூட்டரும் அந்த மோடம் பெட்டியும் முன் அறையில், அம்மா பின் அறையில் கட்டிலில். சுவர் வழியாக இன்டர்நெட் பாய வேண்டும், அவ்வளவுதானே, ஆள் கூப்பிட்டு மாட்டிவிடலாம் என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ரிட்டையர் ஆனவள் வீட்டில் ஒரு வயரைச் சொருக வெளியாள் வருவதா, நான் போட்ட ட்ரங்க் காலெல்லாம் யார் வந்து சொருகினாங்க என்று பிடித்துக்கொண்டாள். ஆகவே அம்மா கட்டிலில் இருந்து உத்தரவு, நான் முன் அறையில் மேஜைக்கு அடியில் தவழ்ந்தபடி வேலை. சுவரிலிருந்து வருகிற உருண்டை வயரைத் தொடாதீங்க, மோடத்திலிருந்து கம்ப்யூட்டருக்குப் போகிற வயரைப் பிடுங்கி, ரவுட்டரில் இருக்கிற நீல ஓட்டையில் சொருகுங்க என்றாள். நானும் பார்த்தேன். நாலு ஓட்டை மஞ்சள், ஒன்று மயில்கழுத்து நிறம். நீலம் எதுவுமே இல்லை என்று சொன்னேன், உள்ளதைத்தானே சொன்னேன். இல்லாமல் எப்படி இருக்கும், நல்லாப் பாருங்க என்கிறாள், ஆயுசு முழுக்கக் கலர் கலக்கினவனுக்கு நீலம் எதுவென்று தெரியாதா என்று நானும் விடவில்லை. கடைசியில் ஒரு மஞ்சளில் சொருகிவிட்டேன். மத்தியானம் வரை ஒன்றும் வேலை செய்யவில்லை. பிறகு ரவுட்டரையே கட்டிலுக்கு எடுத்துவரச் சொன்னாள், பார்த்தாள், என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையை உனக்கு வர்ணிக்கத் தேவையில்லை, நீயும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தானே.

மயில்கழுத்தில் சொருகியும் ரவுட்டரில் ஒரு விளக்கு சிவப்பாகவே நின்றது. இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டோம். ஒரு பெண் எடுத்து, மோடத்தை ஆஃப் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் கழிச்சு ஆன் பண்ணுங்க, அது பழைய கம்ப்யூட்டரையே ஞாபகம் வச்சுக்கிட்டிருக்கு, ஒருதடவை அணைச்சு எழுப்பினாத்தான் புதுசைச் சேர்த்துக்கும் என்றாள். எனக்குப் புரிந்துவிட்டது, புது முதலாளி வந்தது தெரியாமல் பழைய முதலாளியையே தேடுகிற வேலைக்காரன் மாதிரி என்று. நான் சுவிட்சில் கை வைக்கப் போனேன். பின் அறையிலிருந்து அம்மா ஒரு சத்தம் போட்டாள், கை அப்படியே நின்றுவிட்டது. விளக்கு எரியுதா என்றாள். எரியுது, பச்சையாகச் சிமிட்டுது என்றேன். எரியற விளக்குல கை வைக்கக் கூடாது, யாரோ பேசிட்டிருக்காங்க, அதுவா அணையட்டும், அப்புறம் பிடுங்குங்க என்றாள். வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டு பேர், ஒருத்தர் கட்டிலில், ஒருத்தர் மேஜைக்கு அடியில், வேறு யார் அதில் பேசுகிறார்கள் என்று கேட்டேன். எக்ஸ்சேஞ்ச் போர்டில் விளக்கு எரிந்தால் லைனில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம், அது யார் என்று கேட்கிறது நம்ம வேலை இல்லை என்றாள். அன்று முழுக்க நான் மோடத்துக்கு எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அது அணைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன் மகளே. அது எங்கே அணையும். மறுநாளும் அதே கதை. உன் கல்யாணத்துக்கு ஒரு நாள்தான் பாக்கி. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. திருட்டுத்தனமாக அணைத்துவிடலாம் என்றால், சுவிட்ச் சத்தம் கேட்டே எந்த அறை விளக்கு என்று சொல்கிற காது அவளுக்கு.

மறுபடி கம்பெனிக்குப் போட்டு, போனை ஸ்பீக்கரில் வைத்து அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு என்ன பொறுமை தெரியுமா. அம்மா அவளுக்கு எக்ஸ்சேஞ்ச் விதிமுறை எல்லாம் எடுத்துச் சொன்னாள், அவள் அத்தனையும் கேட்டுவிட்டு, அம்மா இது பேசுறவங்களோட விளக்கு இல்ல, மெஷின் முழிச்சிருக்குன்னு காட்டற விளக்கு, நானும் காதுல ஹெட்போன் மாட்டிட்டு உக்காந்திருக்கறவதான், என் பேச்சை நம்புங்க என்றாள். அவ்வளவுதான், உன் அம்மா குரலே மாறிவிட்டது. எத்தனை மணி நேர ஷிப்ட், நடுவில் எழுந்து தண்ணி குடிக்க விடுவார்களா, காது வலித்தால் என்ன செய்வாய் என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டாள். இருவரும் மேலதிகாரிகளைத் திட்டி முடிக்கும் வரை நான் சுவிட்சில் விரலை வைத்தபடி குனிந்து நின்றேன், என் இடுப்பைக் கேட்பார் இல்லை. பிறகு ஆபீஸ் குரலில், ம், எடுங்க என்றாள். அணைத்தேன், கொஞ்ச நேரம் கழித்துப் போட்டேன், ரவுட்டரின் சிவப்பு பச்சையானது. கிளிப்பச்சை. கட்டிலில் அம்மா கை தட்டினாள். கடவுச்சொல்லை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை, கேட்டால் உங்களுக்கு எதற்கு என்கிறாள்.

கல்யாணத்தன்று காலையிலேயே குளிப்பாட்டித் தலை வாரிவிடச் சொன்னாள், வகிடு கோணல் என்று இரண்டு தடவை கலைத்தாள். கட்டுப் போட்ட கால் தெரியக் கூடாது என்று போர்வையை இழுத்து மூடிவிட்டு, போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தோம். ரிஜிஸ்தர் ஆபீஸில் நீயும் மாப்பிள்ளையும் அந்த நீள மேஜைக்கு முன்னால் நின்றீர்கள், உன் சிநேகிதி பிடித்திருந்த போன் ஆடிக்கொண்டே இருந்தது, ஆனாலும் நன்றாகத் தெரிந்தது. நீ கையெழுத்துப் போட்டாய், அவர் போட்டார். அம்மா மூச்சுகூட விடாமல் பார்த்தாள். நீ அவர் பக்கம் திரும்பி மெதுவாக என்னவோ சொன்னாய், அவர் தலை குனிந்து உனக்குப் பதில் சொன்னார், அந்த நிமிஷம் படம் இருண்டுவிட்டது. பார்த்தால் அம்மாவின் விரல் போன் மேல் இருக்கிறது. நான் திருதிருவென்று விழிக்கிறேன், போன் அடிக்கிறது, நீதான், அவள் எடுக்க மாட்டேன் என்று தலையை ஆட்டி முகத்தை மூடிக்கொண்டாள். நான் எடுத்தேன். எடுத்து, அம்மா தூங்கிட்டா என்று சொன்னேன். புதுத் துணி உடுத்தி உட்கார்ந்திருந்ததைக் கண் முன்னால் பார்த்த பெண்ணிடம், ஒரு நிமிஷம்கூட ஆகாமல், அம்மா தூங்கிட்டா என்று சொன்ன ஒரே அப்பன் உலகத்தில் நான்தான் இருப்பேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தெரியும், பொய்க்கு அடிக்கத் தெரியவில்லை. உனக்குச் சந்தேகம் வந்ததில் தப்பே இல்லை.

இரண்டு நாள் அவள் என்னோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் காலுக்குத் தலையணை வைக்கும்போது, விரல் தெரியாமப் பட்டுடுச்சா என்று கேட்டேன். அதற்கு அவள் சொன்னாள்.

"தெரியாம ஒண்ணும் படல. ரெண்டு பேரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க. பேச ஆரம்பிச்சதும் நாம லைனை விட்டு வந்துடணும், ஒட்டுக் கேக்கக் கூடாது. முப்பது வருஷப் பழக்கம், கை தானாப் போயிடுச்சு. பெத்தவளா உக்காந்து பாக்க வேண்டிய இடத்துல நான் ஆபரேட்டரா உக்காந்திருந்தேங்க."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுத அழுகை, நம் வீட்டில் நான் பார்த்ததில்லை. இதை மகளிடம் சொன்னால் அவளே சிரித்துவிடுவாளே என்று நான் சொன்னால், ஒரு ட்ரங்க் காலைக்கூடப் பாதியில் அறுத்தவள் இல்லை என்று பேர் எடுத்தவள், பெண்ணின் கல்யாணத்தை அறுத்தாள் என்று தெரிவதற்கு, கோபக்காரி என்றே இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறாள். பிடிவாதம் யாருடையது என்று உனக்குத் தெரியாதா, பாதி உன்னிடமும் இருக்கிறது.

அதனால் நீ ஒன்று செய். ஞாயிற்றுக்கிழமை போன் போடு. அன்றைக்கு எங்கள் பக்கம்தான் லைன் போய்விட்டது என்று நீயே பழியை ஏற்றுக்கொள், நம்பமாட்டாள், ஆனால் ஒப்புக்கொள்வாள். பிறகு அவளோடு பேசிக்கொண்டே போனை மேஜை மேல் எங்காவது சாய்த்து வைத்துவிட்டு, நீயும் மாப்பிள்ளையும் உங்களுக்குள் பேசுங்கள். என்ன சமையல், யார் துணி மடிப்பது, சண்டை வந்தால் சண்டை, எதுவாக இருந்தாலும் சரி. நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருங்கள். அவள் விரல் போன் பக்கம் போனால் நான் பிடித்துக்கொள்கிறேன், இதற்காகவே கட்டிலில் பக்கத்தில் உட்காருகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் பேச்சு வற்றாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று அப்பா வாழ்த்துகிறேன். வேலை முடிந்து நடந்து வரும்போது காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதே, வண்டி வருவது கேட்காது. பதில் எழுதினால் பெயின்ட் கடை முகவரிக்குப் போடு, வீட்டுக்கு வரும் தபாலையும் அவள்தான் பிரிக்கிறாள்.

இப்படிக்கு,
உன் அம்மாவின் உத்தரவை முதன்முறையாக மீறிய
அப்பா