ஆற்றுத் தீவில் நீங்கள் அமர்ந்த பக்கம்

மாமி,

இன்று மதியம் நான் வேலை செய்யும் வைத்தியசாலைச் சிற்றுண்டிச்சாலையில் எனக்கு எதிரே இருந்த தாதி சூடான கிழங்குப் பொரியலின் மேல் வினாகிரியை ஊற்றினாள். அந்தப் புளித்த ஆவி மூக்கில் ஏறியதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சுகமில்லையா என்று பிரெஞ்சில் கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உங்களோடு ஒரு சனிக்கிழமை சாப்பிட்ட சாப்பாட்டை அவளுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது?

அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். மகனைத் தூக்கிக்கொண்டு மொன்ட்ரியால்-நோரில் இருந்த எங்கள் வீட்டை விட்டு வெளியேறி, நகரின் இன்னொரு பக்கம் கோட்-டெ-நெய்ஜில் ஒரு சிநேகிதியின் முன்னறையில் தங்கியிருந்த காலம். உங்கள் மகன் தொலைபேசியில் விடாமல் கேட்டார், "ஒருக்கா நேரில கதைப்பம்." வீட்டுக்குப் போக எனக்குப் பயம். மாதா கோயிலடியில் சந்தித்தால் பங்குச் சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நிற்கும். அஹுன்ட்சிக்கில், ஆற்றுக்கு நடுவே உள்ள சின்னத் தீவில் ஒரு பழைய கல்வீடு ஞாபகம் வந்தது. முன்னொரு காலத்தில் அங்கே மா அரைக்கும் ஆலை ஓடியபோது அதன் பொறுப்பாளர் குடியிருந்த வீடு. இப்போது மதுக்கூடம்; பகலில் சாப்பாடும் உண்டு. வேலையிடத்து ஆட்களோடு ஒரு தடவை போயிருந்தேன். எங்கள் ஆட்கள் யாரும் எட்டிப் பார்க்காத இடம். மதியத்தில் கூட்டம் இருக்கும், கூட்டத்துக்குள் அவர் கை ஓங்கமாட்டார் என்று நம்பினேன்.

நீங்கள் வருவீர்கள் என்று நினைக்கவே இல்லை. மகனைச் சிநேகிதியிடம் விட்டுவிட்டு முன்னதாகவே போய், யன்னல் வழியே தீவுக்கு வரும் பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வேகமாக முன்னால் வந்தார். பின்னால், சேலைக்கு மேல் நீலக் குளிர்ச்சட்டையும் காலில் பனிச் சப்பாத்துமாக, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து நீங்கள். தாயைக் கொண்டு கெஞ்சவைக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரைத் தாங்கலாம். நீங்கள் அழுதால் நான் இளகிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

உள்ளே வந்ததும் குனிந்து, தாழ்ந்த உத்தரங்களை ஒரு தடவை பார்த்தீர்கள். தடித்த கல்சுவர், சின்னச் சின்ன யன்னல்கள், பியர் மணம், வெளியே அணையில் தண்ணீர் விழும் இரைச்சல். அவர் தன் பக்கத்துக் கதிரையை இழுத்து வைத்தார்.

"அம்மா, இதில இருங்கோ."

நீங்கள் அந்தக் கதிரையைப் பார்த்தீர்கள். பிறகு மேசையைச் சுற்றி வந்து, நீண்ட வாங்கில் என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். உங்கள் குளிர்ச்சட்டை என் தோளில் உரசியது. அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. "அந்தப் பக்கம் சூடு போல," என்று சிரித்தார்.

பரிமாறும் பெண் வந்தபோது எங்களைக் கேட்காமலே மூன்று பேருக்கும் பொரித்த மீன் சொன்னார். தனக்கு ஒரு பியர். நீங்கள் அவளைப் பார்த்து "மெர்சி" என்று நன்றி சொன்னீர்கள். உங்களிடம் இருந்த பிரெஞ்சு அவ்வளவுதான்.

அவர் குரலை உயர்த்தவில்லை. அவர் மெல்லக் கதைக்கும்போதுதான் எனக்கு எப்போதும் கூடப் பயம்.

"நாளைக்குப் பூசை முடிய வீட்ட வாரும். வராட்டி நான் கோர்ட்டுக்குப் போவன். நீர் விடியக் காலமை வேலைக்குப் போறீர். பிள்ளையை ஆர் பாக்கிறது? என்ர வீட்டில அம்மா இருக்கிறா."

"நீங்கள் எனக்கு அடிச்சதை நானும் கோர்ட்டில சொல்லுவன்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"ஆர் கண்டது?" என்றவர் உங்கள் பக்கம் திரும்பினார். "வீட்டில இருந்த ஒரே ஆள் அம்மா. நான் ஒருநாளும் கை வைக்கேல்லை எண்டு அம்மா சொல்லுவா. சொல்லுங்கோ அம்மா, இவ கேக்கட்டும்."

உங்களை ஏன் கூட்டி வந்தார் என்று அப்போதுதான் தெரிந்தது. மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். உங்கள் முகத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை. சட்டைப் பைக்குள் உங்கள் விரல்கள் செபமாலையை உருட்டுவது மட்டும் என் பக்கத்தில் தெரிந்தது. பிறகு அந்த அசைவு நின்றது.

"தம்பி, நான் பொய் சொல்லமாட்டன்."

"என்ன பொய்? நீங்கள் கண்டனீங்களே?"

"காணேல்லை. கேட்டனான். சுவருக்கு இங்கால கட்டில்ல இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு கேட்டனான். ஒவ்வொருக்காலும் கேட்டனான்."

"மெல்லக் கதையுங்கோ அம்மா."

"இஞ்ச ஆருக்கு எங்கட பாஷை விளங்கப்போகுது?" என்றீர்கள். "உன்ர அப்பா எனக்கு அடிக்கேக்க என்ர மாமி சுவருக்கு அங்காலதான் இருந்தவ. விடிய எழும்பித் தேத்தண்ணி ஊத்தித் தருவா. ஒரு வார்த்தை கேக்கமாட்டா. அந்தத் தேத்தண்ணியை நான் எவ்வளவு வெறுத்தனான் தெரியுமே? பேந்து நானும் இந்தப் பிள்ளைக்கு அதைத்தானே ஊத்திக் குடுத்தனான்."

அவர் கையால் மேசையில் அடித்தார். கிளாசிலிருந்து பியர் தளும்பிச் சிந்தியது. மது ஊற்றுமிடத்தில் நின்ற மனிதர் திரும்பிப் பார்த்தார். உங்கள் மகன் பாதி எழுந்து நின்றார். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அப்போது நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள். என்னைத் தைரியப்படுத்தப் பிடித்தீர்கள் என்று முதலில் நினைத்தேன். பிடிமானம் தேவைப்பட்டது உங்களுக்குத்தான்.

"அப்ப நீங்களும் இவவோடயே போங்கோ," என்றார். "உங்களைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவன் நான். என்ர வீட்டுக்கு இனி வராதேங்கோ."

"ஓம் தம்பி. போறன்."

நீங்கள் அழுவீர்கள், மன்னிப்புக் கேட்பீர்கள் என்று அவர் காத்து நின்றார். நீங்கள் மேசையில் சிந்திய பியரைக் கடதாசித் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். அவர் ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பாலத்தின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்ததை யன்னலால் கண்டோம். திரும்பி வரப்போகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் நடந்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து மீனும் பொரித்த கிழங்குமாக மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளும் வந்தன. வெறும் கதிரையைப் பார்த்துவிட்டு மூன்றையும் வைக்கவா என்று அந்தப் பெண் கேட்டாள். நீங்கள் மறுபடியும் "மெர்சி" என்றீர்கள். வினாகிரிப் போத்தலை முகர்ந்து பார்த்தீர்கள், கிழங்கின் மேல் தெளித்தீர்கள், மீனைப் பிய்த்தீர்கள்.

"மீன் எண்டு சொல்லிச்சினம். முள்ளைக் காணேல்லை," என்றீர்கள்.

பேசாலைக் கடற்கரையில் பிறந்த உங்களுக்கு அதுதான் அன்றைய பெரிய ஏமாற்றம் என்பதுபோல் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்த வாயோடு அழுகையும் வந்தது. "சாப்பிடு பிள்ளை, பாதையில களைச்சுப் போவாய்," என்று உங்கள் கோப்பையிலிருந்தும் என் கோப்பையில் வைத்தீர்கள். நாங்கள் அந்த மூன்றாவது கோப்பையையும் முடித்தோம்.

பாலத்தில் வரும்போதுதான் கேட்டீர்கள், "உன்ர இடத்தில எனக்குப் படுக்க இடம் இருக்கே?" மாற்றுச் சேலைகூட இல்லாமல் கிளம்பியிருந்தீர்கள். அதுவரை அதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை.

பல கிழமைகள் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்ப்போம். அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. நீங்கள் அவர் பக்கம் இல்லாமல் அங்கே போய் என்ன சொல்வது? ஞாயிறுகளில் பூசை முடிய, கோயில் வாசலில் அவருக்குச் சாப்பாட்டுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு வருவீர்கள். பேருந்தில் வரும் வழியெல்லாம் வெளியே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு காலத்தில் அந்தப் பெட்டியைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அவரை வெறுக்காமலே நீங்கள் எழுந்து வந்தீர்கள் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு வருடங்கள் எடுத்தன. உங்கள் கடைசி நாட்களில் அவர் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். நான் தலைமாட்டில் நின்றேன். அவரோடு எனக்குப் பேச்சில்லை, இன்றும் இல்லை. ஆனால் உங்கள் கால்களை அவர் தடவியபோது நான் தடுக்கவில்லை.

மாமிக்காரியை இவ்வளவு காலம் வைத்துப் பார்த்தாயே என்று கோயிலில் இன்னமும் என்னைப் புகழ்கிறார்கள். "அவதான் என்னைப் பாத்தவ," என்பேன். தன்னடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் ஒன்று நடந்தது. உங்களிடம்தான் சொல்லவேண்டும். உங்கள் பேரன் இப்போது என்னைவிட ஒரு முழம் உயரம். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு தொலைபேசியில் தன் காதலியோடு பிரெஞ்சில் கதைத்துக்கொண்டிருந்தான். நான் சுவருக்கு மறுபக்கத்து அறையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அவன் குரல் மெல்லியதாக, மிக மெல்லியதாக மாறியது. வார்த்தைகள் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. அந்தத் தொனி எனக்குத் தெரியும்; அவன் அப்பா மெல்லக் கதைக்கும் தொனி.

கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். பதில் வருமுன் திறந்தேன்.

"ஒண்டுமில்லை அம்மா," என்றான்.

"ஒண்டுமில்லாட்டி நான் இதில இருந்தா என்ன?" என்று சொல்லி, அவனுடைய கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.