மூன்று நிமிடத்தில் அடித்த மணி

அக்கா,

இன்று காலை அகப்பை தேடி இழுப்பறையைக் கிளறியபோது உங்கள் டைமர் கையில் தட்டுப்பட்டது. தக்காளிப் பழம் மாதிரிச் செய்த, முறுக்கி விட்டால் ஓடுகிற அதே பழைய டைமர். சிவப்புப் பூச்சில் பாதி உரிந்துவிட்டது. தூக்கியதும் உள்ளே மிஞ்சிக் கிடந்த முறுக்கில் நாலைந்து தரம் டிக் டிக்கென்று ஓடி நின்றது. நான் அதை உள்ளே போட்டு இழுப்பறையைச் சாத்திவிட்டு, கத்திப் பிடியால் பருப்பைக் கிண்டினேன். என் கணவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, உனக்கு விசரே?" என்று கேட்டார்.

ஓம், கொஞ்சம் விசர்தான். நேற்று உங்கள் மகள் ரோஜின் போனில் ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். "ஆன்ரி, எங்கள் ஊர் கொபானியைத் திரும்பவும் சுற்றி வளைத்துவிட்டார்கள். தண்ணீர் இல்லை, கரண்ட் இல்லை. மாமா குடும்பம் உள்ளேதான். சனிக்கிழமை பாராளுமன்றச் சதுக்கத்தில் கூடுகிறோம். வருவீர்களா?" நான் பதில் எழுதவில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாக ஒரு நாள் போய்விட்டது. அதற்குப் பதிலாக உங்களுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது.

இருந்திருந்தாலும் இதை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குக் குர்திஷ் தெரியாது. கிட்டத்தட்ட இருபது வருடம் நாம் பேசியது, இரண்டு பேருமாக உடைத்துப் பங்குபோட்டுக்கொண்ட ஆங்கிலம். ஆனால் என் நினைவில் நீங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறீர்கள். அப்படியே எழுதுகிறேன், கோபிக்காதீர்கள்.

ஃபாரஸ்ட் கேட்டில் நாம் வேலை செய்த அந்தப் பள்ளிக்கூடச் சமையலறை. தலைக்கு வலை, காலுக்கு ரப்பர் செருப்பு, முந்நூறு பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. போனை லொக்கருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும் என்பது பெரிய சமையல்காரியின் சட்டம். அப்படியே எடுத்தாலும் குப்பைத் தொட்டிகள் நிற்கிற பின்முற்றத்தில் மட்டும்தான் சிக்னல். கடைசிப் போரில் என் தம்பி வன்னியில் அகப்பட்டிருந்த வருடம், நீங்கள்தான் அந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தீர்கள். கஸ்டர்டுக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்த டைமரை முறுக்கி உங்கள் ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, "நீ போய்க் கதை. அஞ்சு நிமிஷம். அடிச்சா நான் கதவிலை ரெண்டு தட்டுத் தட்டுவன்" என்றீர்கள். அதுவரை என் பங்குக்கும் நீங்களே பரிமாறினீர்கள்.

தம்பி கடைசியாகக் கதைத்ததும் அந்தத் தொட்டிகளுக்குப் பக்கத்தில்தான். யாரோ ஒருவரின் சட்டலைட் போனில் வரிசையில் நின்று எடுத்திருந்தான். "அக்கா, அங்கை ரோட்டிலை நிண்டு கத்துறீங்களாம். எங்களைக் காப்பாத்த ஆரும் வருவினமோ?" என்று கேட்டான். "வருவினம்" என்றேன். வேறு என்ன சொல்ல? பிறகு அவன் பங்கரைப் பற்றி, மழையைப் பற்றி, என் பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைத்தான். நீங்கள் கதவைத் தட்டியபோது போனைப் பார்த்தேன். எட்டு நிமிடம் ஓடியிருந்தது. மணி அடித்த பிறகும் தட்டாமல் நின்றிருக்கிறீர்கள். அந்த மூன்று நிமிடத்துக்காகப் பெரிய சமையல்காரியிடம் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது எனக்கு அடுத்த கிழமைதான் தெரியும்.

அந்தச் சித்திரை, வைகாசி முழுக்க, ஷிப்ட் முடிய மனோர் பார்க் வீட்டுக்குப் போகாமல் நேரே பாராளுமன்றச் சதுக்கத்துக்குப் போனேன். தொண்டை கிழியக் கத்தினோம். ஒருநாள் நீங்கள் சமையலறைச் செருப்போடேயே, துணியில் சுற்றிய ரொட்டிகளோடு வந்து எங்கள் பெண்களுக்குப் பிய்த்துக் கொடுத்தீர்கள். ஹீத்ரோவில் இறங்குகிற விமானங்கள் தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்ன பாக்கிறாய்?" என்று கேட்டீர்கள். இத்தனை விமானம் வைத்திருக்கிறார்களே, ஒன்றையாவது அனுப்பக் கூடாதா என்றேன். நீங்கள் என் தோளில் கை போட்டீர்கள். தம்பியிடமிருந்து பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. அந்தச் சதுக்கத்துப் புல்லில் இனிக் கால் வைக்க மாட்டேன் என்று அப்போதே தீர்மானித்தேன்.

சில வருடங்களில் உங்கள் முறை வந்தது. சிரியாவில் கறுப்புக் கொடிக்காரர்கள், துருக்கி எல்லையோரம் இருக்கிற கொபானியை மூன்று பக்கமும் சூழ்ந்துகொண்டார்கள். சனங்கள் எல்லையைக் கடந்து துருக்கிப் பக்கம் ஓடினார்கள், உங்கள் அண்ணன் குடும்பமும்தான். உங்கள் தங்கை மட்டும் வர மறுத்தாள். உள்ளே நின்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு ரொட்டி சுடவேண்டும் என்றாளாம். "அவளுக்குத் துவக்குப் பிடிக்கத் தெரியாது. மாப் பிசையத் தெரியும். அதாலை நிக்கிறாள்" என்று சொன்னீர்கள். பெருமையா, கோபமா என்று எனக்கு விளங்கவில்லை.

டைமர் இப்போது என் ஏப்ரன் பைக்கு வந்தது. நீங்கள் போனோடு வெளியே, நான் பரிமாறுகிற ஜன்னலடியில் கரண்டியோடு.

இந்த நாட்டுப் பாராளுமன்றம் கூடி, கறுப்புக் கொடிக்காரர் மேல் ஈராக்கில் குண்டு போடலாம், சிரியாவில் வேண்டாம் என்று முடிவெடுத்ததும் அப்போதுதான். கொபானி எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், சிரியாவில். "அந்தக் கோட்டைக் கீறினது ஆர்? இவையின்ரை பெரியப்பன்மார்தானே?" என்று தட்டுக் கழுவிக்கொண்டே சிரித்தீர்கள். உங்கள் சனம் சதுக்கத்தில் கூடியது. என்னையும் கூப்பிட்டீர்கள். ஷிப்ட் இருக்கு அக்கா என்றேன். அது பொய். எனக்குப் பொறாமை. மாலைச் செய்தியில் தினமும் உங்கள் ஊரின் பெயர், வரைபடம், அம்புக்குறி. எங்கள் ஊர்களின் பெயரை அந்த வாசிப்பாளர்கள் சரியாக உச்சரிக்கக்கூடப் பழகவில்லை. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு அமெரிக்க விமானங்கள் வந்தன. மருந்தும் ஆயுதமும் கூட வானத்திலிருந்து விழுந்தன, ஒரு பொதி காற்றில் போய் எதிரியின் கையில் விழுந்தது உட்பட. எல்லையின் துருக்கிப் பக்கத்து மேட்டில் அந்த நாட்டு டாங்கிகள் சும்மா நின்றன. அவற்றுக்குப் பக்கத்தில் உங்கள் சனம் பைனாகுலரோடு நின்று, விமானக் குண்டு விழுந்து ஊருக்குள் புகை எழும்பும்போதெல்லாம் கை தட்டியது. அதை ஒரு வெள்ளிக்கிழமை காலை டிவியில் பார்த்துவிட்டு வேலைக்கு வந்தேன். வயிறு எரிந்தது.

அன்று மீன் பொரிக்கிற நாள். வரிசை கதவைத் தாண்டி நின்றது. நீங்கள் குப்பை கொட்டப் பின்கதவைத் திறந்தபோது, ஏப்ரனுக்குள் ஒளித்து வைத்திருந்த போன் அடித்தது. டைமரை முறுக்கி என் பையில் போட்டுவிட்டு ஓடினீர்கள். எனக்கு முன்னால் பிள்ளைகள் தட்டோடு நின்றார்கள். என் பைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது. இவர்களுக்கு விமானமும் வந்துவிட்டது, இன்னும் என்ன கதை என்று நினைத்தேன். பைக்குள் கையை விட்டு, ஒரே திருப்பாக அதைப் பூச்சியத்துக்குத் திருப்பினேன். மணி அடித்தது.

கதவைத் திறந்தபோது, போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு நின்றீர்கள். ஒரு விரலைக் காட்டி, கொஞ்சம் பொறு என்றீர்கள். நான் டைமரைத் தூக்கிக் காட்டினேன். போனில் ஏதோ சொல்லி வைத்தீர்கள். முகம் முழுக்கக் கண்ணீர். அதோடாவது நான் வாயை மூடியிருக்கலாம். "இன்னும் என்னத்துக்கு அழுகை? உங்களுக்கு வந்திட்டினம்தானே. எங்களுக்கு ஒருத்தரும் வரேல்லை" என்றேன்.

நீங்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கரண்டியைப் பிடித்தீர்கள். அன்று ஒரு பிள்ளைக்கும் பட்டாணி குறையவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் சொன்னீர்கள். அன்று போன் எடுத்தது தங்கை. பக்கத்துத் தெருவில் விமானக் குண்டு விழுந்து அவள் இருந்த வீட்டுச் சுவரும் பிளந்துவிட்டதாம். வேறு வீட்டுக்கு மாறப் போகிறாள். "எந்த வீடு எண்டு சொல்ல வாயெடுத்தவள். வேலை முடியட்டும், நான் எடுக்கிறன் எண்டு வச்சிட்டன்." வேலை முடிந்து நீங்கள் எடுத்தபோது லைன் இல்லை. பிறகு ஒருநாளும் இல்லை.

ஊர் மீண்டதும் உங்கள் அண்ணன் போனார். தெருவே செங்கல் குவியல். உங்கள் வீடு இருந்த இடத்தை நாள்கணக்காகத் தோண்டினார். அவள் அங்கே இல்லை. வேறு எங்கே தோண்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. எந்த வீடு என்று சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை. அவளைக் கொன்றது வந்தவர்களின் குண்டா, சூழ்ந்து நின்றவர்களின் குண்டா என்பதும் தெரியாது. மேட்டில் நின்று அந்தப் புகைக்கும் கை தட்டியிருப்பேனோ என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றீர்கள். விமானம் அனுப்பியவர்கள் மேல் கோபம் இல்லையா என்று நான் கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி? நீங்கள் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னீர்கள்: "நீ வராத ஆக்களைத் திட்டலாம். எனக்கு வந்த ஆக்களைத் திட்டவும் ஏலாது. அவை வராட்டி ஊரே இல்லை."

அதற்குப் பிறகும் எத்தனை வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்று தட்டுக் கழுவினோம்! ஒவ்வொரு நாளும் இன்று சொல்லுவேன் என்று ரப்பர் செருப்பை மாட்டினேன், சொல்லாமலே கழற்றினேன்.

ஆஸ்பத்திரியில், கடைசிக் கிழமை. ரோஜின் தேநீர் வாங்கப் போயிருந்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே சொன்னீர்கள்: "அண்டைக்கு போனிலை மூண்டு நிமிஷம் எண்டு கிடந்தது. உன்ரை மணி அஞ்சு எண்டு அடிச்சது." இத்தனை வருடமும் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அப்போதாவது உங்கள் காலைப் பிடித்திருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அது பழைய மெஷின் அக்கா" என்றேன். நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். "ஓம், பழசுதான். என்ரை பையிலை கிடக்கு, எடு. நீ வச்சிரு" என்றீர்கள்.

மெஷின் பழுதில்லை, அக்கா. அன்று அதைத் திருப்பினது நான்.

இவ்வளவையும் வியாழக்கிழமை எழுதினேன். இப்போது சனிக்கிழமை பின்னேரம். போய்விட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளி இரவு ரோஜினுக்கு "வாறன்" என்று ஒரே சொல் அனுப்பினேன். காலையில் கோட்டைப் போட்டபோது டைமரையும் பைக்குள் போட்டேன், ஏன் என்று தெரியாது. ஸ்ட்ராட்போர்டில் ரயில் மாறும்போது திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு தரம் யோசித்தேன். வெஸ்ட்மின்ஸ்டர் படியேறியதும் அதே புல், அதே மணிக்கூட்டுக் கோபுரம், தலைக்கு மேலே அதே விமானங்கள். ரோஜின் என்னைக் கட்டிப் பிடித்தாள். "அப்ப வந்தவை இந்தமுறை கையைக் கட்டிக்கொண்டு நிக்கினம், ஆன்ரி" என்றாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், என் காதில் அது உங்கள் குரலாகவே விழுந்தது. எனக்கு வயிறு எரியவில்லை. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

அவளிடம் சொல்லத்தான் போனேன். வாயைத் திறக்கவும் அவளது போன் அடித்தது. உங்கள் அண்ணன்! நாலு நாளுக்குப் பிறகு லைன் கிடைத்திருக்கிறது. கையிலிருந்த பதாகையை என்னிடம் தள்ளிவிட்டு, சனத்தை விட்டு விலகி, அங்கிருந்த ஒரு சிலையின் அடியில் போய் நின்றாள். போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, உங்களைப் போலவே. மேடைப் பக்கமிருந்து ஒரு பெடியன் ஓடிவந்தான். அடுத்து ரோஜின் பேச வேண்டும், மைக் காத்திருக்கிறது, கூப்பிடுங்கள் என்றான். நான் பதாகையைக் குறுக்கே பிடித்துக்கொண்டு வழியை மறித்தேன். "பொறும். அவள் கதைச்சு முடிக்கட்டும்" என்றேன். தமிழில் சொல்லிவிட்டேன் என்பது பிறகுதான் உறைத்தது. அவனுக்கு எப்படியோ விளங்கிவிட்டது, திரும்பிப் போனான்.

ரோஜின் கையை ஆட்டி எழுதுகோல் கேட்டாள். கொடுத்தேன். காகிதம் இல்லை. என் கையிலிருந்த பதாகையைத் திருப்பி, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில், மாமா சொல்லச் சொல்ல எழுதினாள். குண்டு விழுந்தால் எந்த வீட்டுக்கு மாறுவார்கள், அது எந்தத் தெரு, எத்தனையாவது கதவு, யார் யார் ஒன்றாக இருப்பார்கள். விளங்காததைத் திரும்பக் கேட்டாள். நான் அட்டை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். மழை தூறத் தொடங்கியதும் என் சால்வையை எடுத்து அதற்கு மேலே விரித்தேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இந்த மடலை அவளுக்குத்தான் ஆங்கிலத்தில் வாசித்துக் காட்டப் போகிறேன். நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் கதைத்தாள் என்று எனக்குத் தெரியாது. டைமர் என் கோட்டுப் பையில் கிடந்தது, நான் அதை முறுக்கவில்லை. எந்த வீடு என்று கடைசி எழுத்துவரை எழுதி முடித்த பிறகுதான் லைன் அறுந்தது, அக்கா.