கம்பத்தில் பட்ட சத்தம்

என் அன்பு அண்ணைக்கு,

நாளை உங்களுடைய முதலாம் ஆட்டைத் திவசம். மரக்கறியெல்லாம் வாங்கி வைத்துவிட்டேன். அதற்குமுன் ஒரு புதினம் சொல்கிறேன். ஆஸ்திரேலிய ஃபுட்போலில் கோல் நடுவராக நீங்கள் போட்ட அந்த வெள்ளை மேலங்கியை இப்போது போடுவது யார் தெரியுமா? முழங்கால் விட்டுப்போய் விளையாட்டை நிறுத்திய என் மனுசன்தான். சிரிக்காதீர்கள்.

லண்டனில் எந்த அணியும் உங்களுக்குச் சொந்தமில்லை என்றுதானே உங்களைக் கோல் கம்பத்தடியில் நிறுத்தினார்கள்? இவருடைய வேலையிடத்து ஆஸ்திரேலியர்கள் ஆள் போதாமல் இவரைத் தங்கள் அணியில் சேர்த்ததும் எல்லாம் கெட்டது. இவருக்குக் கோல் கொடுத்தால், மச்சானுக்குக் கொடுக்கிறார் என்று எதிரணி கத்தும். நடுமைதானத்து நடுவரோ ஒரே பிழைக்கு ஒருமுறை விசில் ஊதுவார், மறுமுறை வானம் பார்ப்பார். அவரைத் திட்டிய வாய்கள் உங்களையும் விடவில்லை.

இறுதி ஆட்டத்தில் இவர் உதைத்த பந்து கம்பத்தில் உரசியது, ஆகவே கோல் இல்லை என்றீர்கள். இரண்டு விரல் காட்டியிருந்தால் ஆறு புள்ளி. நீங்கள் காட்டியது ஒரு விரல், ஒரு புள்ளி. இவருடைய அணி தோற்றது.

"நல்ல பேர் வாங்கச் சொந்த மச்சானையே வித்துப்போட்டார்!" என்று இவர் வீட்டில் குதித்தார். நான் வாய் திறக்கவில்லை.

பிறகு மகள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு எங்கள் மனோர் பார்க் வீட்டுக்கு வந்தீர்கள். தாய்மாமன் முறையைச் செய்துவிட்டு, சாப்பாட்டில் கை நனைக்காமலே போனீர்கள். அடுத்து நான் உங்களைப் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

மச்சான் என்பதால்தான் கடுமையாக இருந்தீர்களோ? கேட்கத் துணியவில்லை, அண்ணை.

போன சனிக்கிழமை ஒரு பந்து கம்பத்தை உரசியதாம். கீழே நின்ற இவருக்கு மட்டும் கேட்டதாம். ஒரு விரல் காட்டியதும் மலைபோல ஒருவன் மூக்குக்கு நேரே வந்து, பக்கச்சார்பு என்று கத்தினானாம். வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தும் கழற்றாமல் படியில் இருந்துவிட்டார். 

"என்னப்பா?"

"அண்டைக்கு என்ர பந்து கம்பத்தில பட்ட சத்தம் எனக்கும் கேட்டது," என்றார். "உன்ர அண்ணைக்குக் கடைசிவரை சொல்லேல்லை."

அழுதேன். வாயில் வந்தபடி திட்டினேன். பிறகு தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். பிழையை ஒத்துக்கொள்ளத் தெரிந்த மனுசனோடு இன்னும் காலம் தள்ளலாம்.

இனி அந்த மேலங்கியை ஒவ்வொரு கிழமையும் நானே தோய்த்து மினுக்கிக் கொடுப்பேன். மைதானத்துக்கும் போவேன், யார் கத்தினாலும் இந்தமுறை வாய் திறப்பேன். இது சத்தியம்.

நாளை உங்கள் படையல் இலைக்கு அவர்தான் சோறு போடப் போகிறார். கை நனைத்துவிட்டுப் போங்கள், அண்ணை.

உங்கள் ஒரே தங்கச்சி,
ராணி