கம்பி ரேடியோ போகும் நாள்

என்னங்க,

கஞ்சி பானையில் இருக்கிறது. நெத்திலி சம்பாலை மங்குத் தட்டால் மூடி வைத்திருக்கிறேன். நைட் ஷிப்ட் முடிந்த களைப்பில் சாப்பிடாமல் படுத்துவிடாதீர்கள்.

சுவரில் மாட்டியிருக்கும் கம்பி ரேடியோப் பெட்டியைக் கழற்ற இன்று கம்பெனி ஆள் வருவார். கதவைத் தட்டினால் எழுந்து திறந்துவிடுங்கள். உங்கள் அண்ணன் அதன் மாதச் சந்தாவை நிறுத்திவிட்டார். டிரான்சிஸ்டர் வாங்கித் தன் அறையில் வைத்துக்கொள்ளப் போகிறாராம். நம்மை ஒரு வார்த்தை கேட்டாரா? நீங்களும் தலையை ஆட்டிவிட்டு வந்தீர்கள்.

பாட்டுக் கேட்கவா நான் அந்தப் பெட்டியைச் சத்தமாக வைத்தேன்? பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் உங்கள் அண்ணனும் அண்ணியும் படுத்திருக்கிறார்கள். கல்யாணமான நாளிலிருந்து நாம் பேசியது, சண்டை போட்டது, நான் அழுதது எல்லாம் அந்தச் சத்தத்துக்குள்தான். அதற்காகவே புரியாத சீன நாடகத்தைக்கூட முழுசாக ஓடவிட்டிருக்கிறேன்.

நேற்று வேலைக்குக் கிளம்பும்போது, "தனி வீடு தனி வீடுங்கிறியே, இங்க உனக்கு என்னதான் கொறச்சல்?" என்று கேட்டீர்கள். அப்போது பெட்டி ஓடவில்லை. அதனால்தான் நான் வாயைத் திறக்கவில்லை.

தேக்கா மார்க்கெட்டுக்குப் போகிறேன். உங்கள் அண்ணியும் வருகிறார். என்னைத் தனியாக விட்டால்தானே!

செண்பகம்

வெளியே போனால் சாவியைக் கீழே தையல்கடையில் கொடுங்கள்.

கொறச்சல் இதுதான்: பக்கத்தில் படுக்கிற புருஷனுக்கு நான் சீட்டு எழுத வேண்டியிருக்கிறது. படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள். உங்கள் அண்ணிக்கும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும்.