முதல் தட்டலிலேயே

என் செல்லத்துக்கு,

நாலு வருஷம் கழித்து அப்பாவிடமிருந்து கடிதமா என்று பயந்துவிடாதே. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கில் நம் நாடகச் சங்கத்தார் ஒரு சோக நாடகம் போட்டார்கள். நான்தான் ராஜா. இஷ்டப்படி கல்யாணம் செய்துகொண்ட மகள் வந்து மூன்று தடவை கதவைத் தட்டுவாள். நான் திறக்கக் கூடாது. அவள் வாசலிலேயே செத்த பிறகு திறந்து அழ வேண்டும். ஒத்திகையில் எல்லோரையும் அழவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் அவள் முதல் தடவை தட்டியதுமே ஓடிப்போய்த் திறந்துவிட்டேன். "வா, சாப்பிட்டியா?" என்றும் கேட்டுவிட்டேன். ஜனங்கள் சிரித்துக் கைதட்டினார்கள். நாடகம் அதோடு முடிந்தது.

"எந்தா சாரே, அவள் செத்தாத்தானே ஜனங்களுக்குப் பாடம்!" என்று இயக்குநர் சாய்கிருஷ்ணா தலையில் அடித்துக்கொண்டான். முன்வரிசையில் உன் அம்மா மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

வரும் ஞாயிறு மறுபடி போடுகிறோம். இந்தத் தடவை திறக்க மாட்டேன் என்று அவனிடம் சத்தியம் செய்திருக்கிறேன். உங்கள் பள்ளுருத்தி வீட்டிலிருந்து பஸ்ஸில் அரை மணிதான். சனிக்கிழமையே நீங்கள் இரண்டு பேரும் வந்து நம் வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஞாயிறும் நாடகம் கெட்டுப்போகும்.

உன் பிடிவாதக்கார அப்பா